தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரண்மனை: பத்மநாபபுரத்துக்கு ஒரு நாள் டிரிப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. ஊர் தமிழ்நாடு. ஆனால் உள்ளே டிக்கெட் கொடுப்பது கேரளத் தொல்லியல் துறை. அது எப்படி?

ஏன் கேரளாவிடம்?

மார்த்தாண்ட வர்மா காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பின்னாளில் தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிப் பெரும் போராட்டம் நடந்தது. 1954-ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாகின. 1956 நவம்பர் 1-ல் குமரி இந்தப் பக்கம் வந்தது. அரண்மனை நிர்வாகம் மட்டும் கேரளாவிடமே இருந்துவிட்டது.

உள்ளே என்ன பார்க்கலாம்?

செருப்பை வாசலிலேயே கழற்றணும். காரணம், கண்ணாடி மாதிரி மின்னும் அந்தக் கருப்புத் தரை. சுண்ணாம்போடு சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டதாகச் சொல்கிறார்கள். மரத்தில் செதுக்கிய பூக்கள், பழைய மணிக்கூண்டு, மூலிகை மரங்களால் ஆன ராஜாவின் கட்டில், ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஊட்டுப்புரை ஆகியவற்றை மிஸ் பண்ணாதீங்க.

பக்கத்தில் பசுமை

அருகிலேயே உதயகிரி கோட்டை. இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. குழந்தைகளோடு போனால் மாலை நேரத்துக்கு நல்ல இடம்.

இன்னும் அறுபடாத பந்தம்

ஒவ்வொரு நவராத்திரிக்கும் அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாற்றப்படும். கம்பர் வழிபட்டதாக நம்பப்படும் சரஸ்வதி சிலை இங்கிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகும். களியக்காவிளை எல்லையில் கேரளத் தரப்பு வரவேற்கும். விழா முடிந்ததும் சிலை திரும்ப ஊர் வந்துவிடும். கோடு போட்டுப் பிரித்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை.

எப்போது போகலாம்?

திங்கட்கிழமை விடுமுறை. மதியம் இடைவேளை உண்டு. அதனால் காலையிலேயே போய், நிதானமாகப் பாருங்கள். நாகர்கோவிலில் இருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினால் தக்கலையில் இறங்கிக்கலாம். ஒரு வேண்டுகோள்: சுவர் ஓவியங்களைத் தொடாதீங்க. எந்த அரசு பராமரித்தாலும், அழிந்தால் இழப்பு இரண்டு பக்கத்துக்கும்தான்.