கடைமடைக்குப் போன தண்ணீர்
பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை முதன்முதலில் பெற்ற பெண் அமெரிக்காவின் எலினோர் ஆஸ்ட்ரம். ஆண்டு 2009. பெண் என்பதால் பள்ளியில் திரிகோணமிதி படிக்க விடவில்லை. கணக்குப் படிக்கவில்லை என்று பொருளாதார முனைவர் படிப்பிலும் இடம் தரவில்லை. என்ன அநியாயம்! அரசியல் அறிவியலில் 1965-ல் முனைவரானார்.

பொதுச்சொத்தை ஊர்மக்களால் காப்பாற்ற முடியாது என்று அறிஞர்கள் பலர் அடித்துச் சொன்ன காலம். அவரும் அவருடைய குழுவினரும் நேபாளப் பாசனத்தை ஆராய்ந்தார்கள். கல்லும் மண்ணும் மரக்கிளையும் போட்டு விவசாயிகளே கட்டிய அணைகள் ஒருபுறம். அரசு கட்டிய கான்கிரீட் அணைகள் மறுபுறம். கடைமடைவரை தண்ணீர் ஒழுங்காகப் போனது பெரும்பாலும் விவசாயிகளின் அணைகளில்தான். முறைவைத்துப் பாய்ச்சுவது, வாய்க்காலைத் தூர்வாருவது, மீறினால் அபராதம் என எல்லாம் அவர்களே கூடிப் பேசி வைத்த கட்டுப்பாடு.