கட்டம், ஏது, ஏதுப்போலி

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் கிளம்புவதற்குள் அன்றைய பேப்பரின் சுடோகுவில் பாதியை முடித்துவிடுவது என் வழக்கம். 'ஏன் தோழர், ஊரு இருக்கிற இருப்புல கட்டத்துல நம்பர் போட்டுக்கிட்டு இருக்கீங்க?' என்றார் நண்பர் ஒருவர். மூளைக்குப் பயிற்சி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அது வலுவான வாதமில்லை. மூளைப் பயிற்சி குறித்த ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பரிசீலித்த உளவியலாளர்கள் வந்தடைந்த முடிவு இது: எதைப் பழகுகிறோமோ அதில் தேர்ச்சி கூடுகிறது, அன்றாடச் சிந்தனைக்கு அது கடத்தப்படுகிறது என்பதற்குச் சான்று சொற்பம். சுடோகு போட்டால் சுடோகு வரும், அவ்வளவுதான். எனக்கு அது தருவது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் தர்க்கம் எத்தகையது என்பதே இங்கு கேள்வி.

மொத்தம் 81 கட்டங்கள். ஒவ்வொரு கிடைவரிசையிலும் செங்குத்து வரிசையிலும் ஒன்பது கட்டச் சதுரத்திலும் 1 முதல் 9 வரை ஒருமுறை மட்டுமே வரவேண்டும். இங்கே 7 வராது, 4 வராது என்று விலக்கிக்கொண்டே போனால் மிஞ்சுவது விடை. இதைச் சாத்தியமாக்குவது ஓர் உத்தரவாதம்: விடை உண்டு, அதுவும் ஒன்றே ஒன்று. அதற்குக் குறைந்தது 17 எண்களாவது முன்கூட்டித் தரப்பட்டிருக்க வேண்டும் என்பது 2012இல் கணினியின் துணையோடு நிறுவப்பட்டது. அந்த எண்களை யார் தந்தார், ஏன் தந்தார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் ஆட்டமே இல்லை.

மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் அறவண அடிகள் கற்பிக்கும் தர்க்கம் வேறுவகை. மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். முடிவுக்கு வர, கண்ணால் கண்ட ஓர் அடுப்பை உலகத்திலிருந்து எடுத்துக்காட்டியாக வேண்டும். போலிகளை வகைப்படுத்தவும் காப்பியம் நிறைய இடம் ஒதுக்குகிறது. ஏதுப்போலியில் ஒருவகை அநைகாந்திகம். அதாவது, காட்டிய காரணம் நிறுவவந்த முடிவோடும் பொருந்தும், அதற்கு எதிரானதோடும் பொருந்தும். அப்படியென்றால் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

பஸ் போகிற திசையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சித் தலைவர் பதவிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அந்த நாற்காலி நிலைக்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆளிருக்காது. இல்லையென்றால் ஆதிக்க சாதியினர் நிறுத்தியவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். மனு இல்லை, ஆகவே 'அவங்களுக்கே இதுல விருப்பமில்ல' என்று ஒருவர் முடிவுகட்டலாம். மனு இல்லாமை விருப்பமின்மையோடு பொருந்தும், பயத்தோடும் பொருந்தும். அச்சு அசலான அநைகாந்திகம். எது என்று தீர்மானிக்க, யார் நிலத்தில் யார் கூலிக்குப் போகிறார் என்று ஊருக்குள் போய்த்தான் பார்க்கவேண்டும். 2006 அக்டோபரில் அரசும் கட்சிகளும் முனைந்து, பாதுகாப்போடு தேர்தல் நடத்தியபோது வேட்பாளர்கள் வரத்தான் செய்தார்கள்.

அவசரப்பட்டு ஊகிக்காதே, ஒவ்வொன்றாக விலக்கு என்கிற பொறுமையை நான் சுடோகுவில் ரசிக்கிறேன். ஆனால் ஊர் விவகாரத்தில் எல்லாச் சாத்தியங்களும் பட்டியலில் இருக்கின்றன என்பதற்கு எந்தப் பேப்பர்காரனும் உத்தரவாதம் தருவதில்லை. முன்கூட்டி அச்சடித்துத் தரப்பட்ட எண்களில் சாதியும் ஒன்று. அதை அழிக்கக்கூடாத எண்ணாக வைத்துக்கொண்டு மிச்சக் கட்டங்களை நிரப்பினால், ஒரு பிழையும் இல்லாமல் தப்பான விடைக்கு வந்து சேரலாம். நண்பரின் கேள்விக்கு என் பதில் இதுதான்: கட்டம் போடலாம் தோழர், கட்டத்தில் வைக்கிற நம்பிக்கையை ஊர்மேல் வைக்கக்கூடாது.