காத்திவாக்கத்தில் ஒரு நாய் ஸ்டுடியோ

மனிதரைப் படம் பிடிப்பதே சங்கடமான காரியம். "கொஞ்சம் சிரியுங்கள்" என்று சொன்னவுடன் முகம் விறைத்துப் போய்விடுகிறது. ஆனாலும் மனிதரிடம் "அசையாதீர்கள்" என்றாவது சொல்லலாம். நாயிடம் என்ன சொல்வது? புகைப்படக் கலையில் தேர்ந்த நண்பர் ஒருவர் இதற்கு விடை தேடி மூட்டை முடிச்சுகளுடன் காத்திவாக்கத்துக்குப் புறப்பட்டபோது, நானும் துணைக்குச் சென்றேன்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூருக்கு முன்னால், கடலுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே இருக்கிறது காத்திவாக்கம். தனி நகராட்சியாக இருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்த ஊர்.

"சீமை நாய்கள் வாழும் பங்களாக்கள் எத்தனையோ இருக்க, இங்கே எதற்கு ஐயா?" என்று கேட்டேன்.

"அந்த நாய்களுக்கு எஜமானர் இருக்கிறார், படத்தைச் சுவரில் மாட்டுவார். இங்கேயுள்ள நாய்களுக்கு எஜமானரைத் தேடித் தருவதற்கே படம் வேண்டியிருக்கிறது" என்றார் நண்பர்.

அதில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் சென்னை நகரசபை தெரு நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. 1959-ல் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தார் விடாமல் முறையிட்டதன் பயனாக, 1996-ல் கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்யும் முறை வந்தது. உயிர் தப்பியது. ஆனால் வீடு? அது இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

ஸ்டுடியோவைச் சுமந்து கொண்டு ஊர் ஊராகப் போவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1857, 58-ஆம் ஆண்டுகளில் லினேயஸ் டிரைப் என்ற சர்க்கார் புகைப்படக்காரர் மதுரை, தஞ்சாவூர்க் கோவில்களைப் பெரிய காமிராவுடன் சென்று படம் பிடித்தார். நாய்ப் படங்களுக்கென்றே பெயர் பெற்ற அமெரிக்கர் வில்லியம் வெக்மன் உபயோகித்த பொலராய்டு காமிராவோ நூறு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. நண்பருடைய ஸ்டுடியோ முழுவதும் இரண்டு பைகளில் அடங்கிவிட்டது.

காலை வேளையில், கடற்காற்று வலுப்பதற்கு முன்பே, ஒரு சுவரின் நிழலில் கடையை விரித்தோம். இரண்டு கம்பங்கள், குறுக்கே ஒரு கழி, அதில் தொங்கும் ஒரு வெளிர் நீலத் துணி. இவ்வளவுதான் பின்திரை. கம்பங்களின் அடியில் மணல் மூட்டைகளைக் கட்டினோம். இல்லாவிட்டால் காற்று வாங்கிய திரை பாய்மரமாகி, ஸ்டுடியோவே கட்டுமரம் போல் புறப்பட்டுவிடும்! நாயின் கால் வழுக்காமலிருக்கக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு. திரைக்கு நாலைந்து அடி முன்னால் நாய் இருந்தால், அதன் நிழல் திரையில் விழாது.

பளிச்சென்று மின்னும் விளக்கை நண்பர் தொடவே இல்லை. நாயின் கண்ணுக்குள்ளே கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. நேராக ஒளி பாய்ந்தால் கண் பச்சையாக ஜொலித்துப் பேய் போல் தோன்றும். நாயும் மிரளும். ஆகையால் ஒரு பக்கம் வானத்து வெளிச்சம், மறுபக்கம் அதைத் திருப்பி அனுப்ப ஒரு வெள்ளை அட்டை.

காமிராவை நாயின் கண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். நின்றபடியே எடுத்தால் நாய் கெஞ்சுவது போலிருக்கும். தரையில் படுத்து எடுத்தால் சரிசமமாகப் பார்க்கும். அதற்குமுன் காமிரா, கம்பம், பை எல்லாவற்றையும் அது மோந்து பார்த்துச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். முறைத்துப் பார்ப்பதும், கட்டிப் பிடிப்பதும் கூடவே கூடாது. வெறிநாய்த் தடுப்பூசி போட்ட நாயைத்தான் அழைக்க வேண்டும்.

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே கிடைத்துவிட்டது. குலம் கோத்திரம் இல்லாத தெரு நாய்க்கு யார் படம் போடுவார்கள்? அப்படிப்பட்ட ஒரு கறுப்பு நாயைக் கயிற்றில் கட்டி ஒரு சிறுவன் அழைத்து வந்தான். பின்னாலேயே அவன் பாட்டி. தடுப்பூசிக்குச் செலவு செய்ததே அதிகமாம். அடுத்த வாரம் யாரிடமாவது தள்ளிவிடப் போவதாகச் சொன்னாள்.

கறுப்பு நாயைப் படம் பிடிப்பது எளிதன்று. காமிராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கணக்குப் பண்ணும். கறுப்பு நாய் படத்தை நிறைத்து நின்றால் வெளுத்துக் காட்டும். வெள்ளை நாயை அழுக்காக்கும். ஆகவே கறுப்புக்கு ஒளியைக் குறைத்தும், வெள்ளைக்குக் கூட்டியும் வைக்க வேண்டும். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால்தான் கறுப்பு ரோமத்தின் மினுமினுப்புத் தெரியும்.

எல்லாம் சரி செய்தபின் நண்பர் நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தார். ஒரே ஒரு தடவை. மறு தடவை நாய் ஏமாறாது. காது நிமிர்ந்தது, தலை சாய்ந்தது, காமிரா 'கிளிக்'கென்றது.

படத்தைப் பாட்டியிடம் காட்டினோம். கண்ணைச் சுருக்கிக் கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம தெரு நாயா இது? தொரை மாதிரி குந்திக்கினு கீதே!" என்றாள்.

"ஆயா, யாருக்குக் குடுக்கப் போற?" என்று சிறுவன் மெதுவாகக் கேட்டான்.

பாட்டி பதில் சொல்லவில்லை. கயிற்றை அவன் கையிலிருந்து தான் வாங்கிக் கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நண்பர் திரையைச் சுருட்டினார். எஜமானரைத் தேட வேண்டிய நாய்களில் ஒன்று அன்று குறைந்தது.