சீல் வைத்த வீட்டுக்குள் மாத்திரை டப்பா

வீடு கடனில் போன கதையைச் சொல்பவர்கள் ஏலத் தொகையைத்தான் முதலில் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். கோவை கணபதிப் பக்கம் லேத் பட்டறை நடத்திய குடும்பத்து அம்மா ஆரம்பித்தது சுகர் மாத்திரையில்.

“எனக்கு சுகருங்க, அவருக்கு பிரஷர். தவணைக்குப் பணம் சேக்கோணும்னு மொதல்ல நிறுத்துனது மாத்திரையத்தானுங்க. பேத்திக்குப் பால நிறுத்த முடியுமா?”

வீட்டுப் பத்திரத்தை வைத்து மெஷின் வாங்கியவர்கள். ஜாப் ஆர்டர் குறைந்தது, தவணை நின்றது. 90 நாள் கட்டாவிட்டால் வாராக்கடன். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். இந்தக் காலம் முழுக்க அந்த அம்மா ராத்திரி தூங்கவில்லை. அவருடைய கணவர் வாசலில் பைக் சத்தம் கேட்டாலே பின்கட்டுக்குப் போய்விடுவாராம். தூக்கம் கெட்டு, மனம் பதறிக்கொண்டே இருந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் என்பது டாக்டர்கள் தினமும் சொல்வதுதான். அந்த நேரம் பார்த்து மாத்திரையும் நின்றுபோனால்?

வீட்டுக் கடன் நெருக்கடியில் அமெரிக்கா தவித்தபோது இதைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பிலடெல்பியாவில் வீடு பறிபோகும் நிலையில் இருந்தவர்களிடம் விசாரித்து 2009-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் கடும் மனச்சோர்வின் அறிகுறிகளோடு இருந்தார்கள். காசில்லாமல் மருந்தைக் கைவிட்டவர்களும் அவர்களில் நிறைய. அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா, நியூஜெர்சி மாநிலங்களில் நடந்த இன்னோர் ஆய்வு, ஜப்தி கூடிய வட்டாரங்களில் மாரடைப்பு, பக்கவாதம் என்று அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் கூடியதைக் காட்டியது. வீடு இழந்தவரோடு அந்தத் தெருவே நோயாளியாகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் மருந்து விலை அப்படி; நம் ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்தவர் கதவைத் தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் திறக்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

“யாரு தட்டுனாலும் தொறக்கறதில்லீங்க. மாத்திரை குடுக்க வந்த புள்ளையா, தவணை கேக்க வந்த ஆளான்னு உள்ள இருந்து எப்படீங்க தெரியும்?”

வசூலுக்கு வருபவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் போட்டுத் தொல்லை தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. இடைப்பட்ட 11 மணி நேரமும் அந்த வீடு தாழ்ப்பாள் போட்டே கிடந்தது.

அடுத்து வருவது, வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ். அதை வீட்டின் முகப்பில் ஒட்ட வேண்டும், இரண்டு பத்திரிகைகளில் போட வேண்டும், ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெயர், விலாசம், பாக்கித் தொகை எல்லாம் அச்சில் வந்துவிடும். வாங்கப்போகிறவர் ஏமாறாமல் இருக்க அறிவிப்பு வேண்டும் என்கிறது வங்கித் தரப்பு, நியாயம்தான். ஆனால் நோட்டீஸ் ஒட்டிய பிறகு அந்த அம்மா ரேஷன் கடைக்குக்கூடப் போகவில்லை. வார்டு சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றால் நாலு பேர் கேட்பார்களே என்று அங்கேயும் போகவில்லை. கால் புண் ஆறாமல் நாறிய பிறகுதான் மகள் வந்து இழுத்துப்போயிருக்கிறாள். இலவச மாத்திரை இருக்கும் ஊரில், வெட்கத்தால் ஒரு விரல் போனது.

என் கவலையெல்லாம் இந்த மாத்திரை பற்றித்தான். கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த 60 நாள் நோட்டீஸின் அடியில் இரண்டு எண்களை அச்சிடலாம்: இலவச சட்ட உதவிக்கு 15100, மருத்துவ ஆலோசனைக்கு 104. சுவாதீனம் எடுத்ததை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் அவகாசம் உண்டு என்பதையும் புரியும் தமிழில், பெரிய எழுத்தில் போடலாம். வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள் மாத்திரைப் பதிவைப் புது விலாசத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒருவர் நினைவூட்டினால் போதும்.

சீல் வைக்கும் நாளுக்கும் ஒரு வேண்டுகோள். பீரோ, கட்டில், மிக்ஸி என்று பட்டியல் போடுகிறார்கள். மேற்சொன்ன வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேல் இருந்த மாத்திரை டப்பாவும், எக்ஸ்ரே கவரும், பெரியவரின் மூக்குக்கண்ணாடியும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. கையில் மருந்துச் சீட்டு இல்லாததால் புது டாக்டரிடம் முதலிலிருந்து ரத்தப் பரிசோதனை. பூட்டுப் போடுவதற்கு முன், “மருந்து, ரிப்போர்ட் எல்லாம் எடுத்தாச்சா?” என்று அதிகாரி கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் இருந்தால் ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்காமல் வெளியே வராதீர்கள்.