இருமுறை வெந்தால்தான் மொறுமொறுப்பு

மாணவர்களே, தீபாவளி முறுக்கு ஏன் நமத்துப்போகிறது? இத்தாலியின் சாக்லேட் ‘பிஸ்கோட்டி’யைச் சுட்டுப் பார்த்தால் புரியும். அப்பெயரின் பொருளே ‘இருமுறை வெந்தது’.

கோதுமை மாவு, முட்டை, சர்க்கரை, கொக்கோத் தூள் சேர்த்துப் பிசைந்து, நீளமாக உருட்டி, 180 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 25 நிமிடம் ஓவனில் சுடுவார்கள். மாவு இறுகும், உள்ளே நீர் தங்கும். சற்று ஆறியதும் துண்டு போட்டு 150 டிகிரியில் மீண்டும் சுட்டால், வெட்டிய பக்கங்கள் வழியே நீர் ஆவியாகும். ஆறும்போது மாவுச்சத்தும் சர்க்கரையும் கண்ணாடிபோல் விறைக்கும். கடித்தால் ‘கறுக்’கென உடையும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அந்த ஈரத்தை உறிஞ்சினால் விறைப்பு தளர்ந்துவிடும். முறுக்குக்கும் இதே கதிதான். எனவே, நன்கு ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் மூடுங்கள். நமத்துவிட்டால் மீண்டும் 10 நிமிடம் சூடாக்கி ஆறவிடுங்கள், மொறுமொறுப்பு திரும்பும்.