நலிந்த காலமும் நுழைவுக் கட்டணமும்

1931 அக்டோபரில் விகன் பரோ என்னும் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம், ஆட்டப்பருவம் முடியுமுன்பே கால்பந்துக் கூட்டிணைவிலிருந்து (லீக்) விலகியது. பருவத்தின் நடுவே அவ்வாறு விலகிய முதற்கழகம் அதுவே. அதற்கு முந்தைய ஆண்டில், நிலக்கரித் தொழில் நலிந்து கிடந்த தென்வேல்சின் மெர்தர் டவுன் கழகம் கூட்டிணைவின் வாக்கெடுப்பில் தன் இடத்தை இழந்திருந்தது. புதுத்தொழில்கள் தழைத்த இலண்டனிலோ, ஆர்சனல் அணி 1931 முதல் 1935 வரை நான்கு முறை வாகை சூடியது. பொருள்நலிவு எல்லா ஊரையும் ஒருபோலத் தாக்கவில்லை.

நுழைவுக் கட்டணத்தின் கீழ்வரம்போ எல்லா ஊருக்கும் ஒன்றாகவே இருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் வளர்ந்த ஆடவருக்குக் குறைந்த அளவு ஒரு சில்லிங் எனக் கூட்டிணைவு வரையறுத்திருந்தது. 1931 இறுதியில் வேலையற்ற தனி ஆடவருக்குக் கிழமைதோறும் கிடைத்த உதவித்தொகை 15 சில்லிங் 3 பென்சு. வாடகையும் உணவும் போக அதில் ஒரு சில்லிங்கை ஆட்டத்திற்கென எடுத்துவைப்பது எளிதன்று. கழகமே விரும்பினாலும் விலையைக் குறைக்க விதி இடம் தரவில்லை. சுரங்கத் தொழிலாளியை அரங்கிலிருந்து விலக்கியதில் வறுமைக்குப் பங்குண்டு. அவ்விதிக்கும் பங்குண்டு என்பேன்.

விலை மாறும்போது வாங்குவோர் தொகை எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொருளியலார் தேவை நெகிழ்ச்சி என்பர். விளையாட்டு நுழைவுச்சீட்டுகளைப் பற்றிய ஆய்வுகள் பலவும் இந்நெகிழ்ச்சி குறைவு என்றே கண்டுள்ளன. அதாவது, விலை பத்து விழுக்காடு ஏறினால் கூட்டம் பத்து விழுக்காட்டினும் குறைவாகவே சரியும். இதைக் கண்டு விலையை உயர்த்துவதே அறிவு என முடிவு செய்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அக்கணக்கு பெரும்பாலும் குறுகிய காலத்தை அளப்பது. தந்தையோடு அரங்கிற்கு வந்து பழகும் சிறுவனே பின்னாளில் பருவச்சீட்டு வாங்குகிறான். இன்று விலைக்கு அஞ்சி அவன் வீட்டிலேயே இருந்துவிட்டால், இழப்பு இருபது ஆண்டு கழித்தே ஏட்டில் தெரியும். மேலும், காலியாகக் கிடக்கும் இருக்கையில் ஒருவரை அமர்த்தக் கழகத்திற்கு ஆகும் கூடுதற்செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆட்டம் முடிந்தபின் அவ்விருக்கையை எவருக்கும் விற்கவும் இயலாது.

விலையைக் குறைத்தால் கூட்டம் பெருகும் என்பதற்குத் தெளிவான சான்று இங்கிலாந்தின் அடர்சுபீல்டு நகரம். அங்குள்ள கழகம் மூன்றாம் தட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது, 2008-09 பருவத்தில் தன் நூற்றாண்டை முன்னிட்டுப் பருவச்சீட்டை 100 பவுனுக்கு விற்றது. தாயக ஆட்டங்கள் 23. ஆட்டம் ஒன்றுக்கு நான்கு பவுனைச் சற்றே கடந்த விலை. உலகப் பொருள்நெருக்கடி வெடித்ததும் அப்பருவத்திலேயே. எனினும், முன்பருவத்தில் ஒன்பதாயிரத்தைச் சற்றே தாண்டிய கூட்டச் சராசரி பதின்மூன்றாயிரத்தைக் கடந்தது. அணி திடீரென வலுப்பெற்றதா என்றால் அதுவும் இல்லை. பத்தாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடத்திற்கு வந்தது, அவ்வளவே. தலைக்கு வரும் வருவாய் குறைந்தது உண்மை. ஆனால், வேலை போகுமோ என்று ஊர் கலங்கிய ஆண்டில் அரங்கின் வாயில் அகன்றது.

பெருங்கழகங்களுக்கு இத்துணிவு அரிதாகவே வருகிறது. 2016 பிப்பிரவரியில் லிவர்ப்பூல் கழகம் 77 பவுன் சீட்டை அறிவித்தபோது, ஆன்பீல்டு அரங்கிலிருந்து ஏறத்தாழ பத்தாயிரம் பேர் 77-ஆம் மணித்துளியில் எழுந்து வெளியேறினர். இரண்டு கோல் முன்னிலையில் இருந்த அணி, இறுதியில் சந்தர்லாந்தோடு சமநிலையில் முடித்தது. சில நாள்களிலேயே உரிமையாளர்கள் அத்திட்டத்தைக் கைவிட்டனர். அடுத்த மாதம், வெளியூர் அணியின் ஆர்வலருக்கு உச்சவிலை 30 பவுன் எனத் தலைமைக் கூட்டிணைவின் கழகங்கள் ஒப்புக்கொண்டன. அடுத்த பருவந்தொட்டு மூன்றாண்டுகளுக்கு உள்நாட்டுத் தொலைக்காட்சி உரிமையால் மட்டும் அவை பெறவிருந்த தொகை 500 கோடிப் பவுனுக்கும் மேல். வாயிற்கட்டணத்தைக் குறைத்தால் அவை நொடித்துவிடும் என்பதை எவ்வாறு ஏற்பது? வெளியூரிலிருந்து வருவோர்க்கு வகுத்த அவ்வரம்பை, உள்ளூரில் தலைமுறையாய் வருவோர்க்கும் அக்கழகங்கள் வகுக்க வேண்டும்.