வழி தவறாத பாதை

வழி தெரியாமல் திகைக்காதவர் உலகில் உண்டோ? ஆனால் யார் நடந்தாலும் வழி தவறாத பாதை ஒன்று இருக்கிறது. அதனை ‘லாபிரிந்த்’ என்பர். நாம் ‘சுற்றுப்பாதை’ எனலாம்.

அபிமன்யு சிக்கிய சக்கர வியூகத்தை நாம் அறிவோம். உள்ளே சென்றவனுக்கு வெளியே வர வழி தெரியவில்லை. சுற்றுப்பாதை அப்படிப்பட்டதன்று. இதில் கிளை வழியும் இல்லை, முட்டுச்சந்தும் இல்லை. ஒரே பாதை வளைந்து வளைந்து நடுவிடத்தை அடையும். அதே பாதையில் திரும்பினால் வாசல் வந்துவிடும்.

பிரான்சு நாட்டின் சார்த்ர் பேராலயத் தரையில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லால் பதித்த சுற்றுப்பாதையை இன்றும் காணலாம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 13 மீட்டர்தான். ஆனால் 11 சுற்றுகளையும் கடந்து நடுவிடம் சேர 260 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்! இக்காலத்தில் மேல்நாடுகளில் சில மருத்துவமனைகளிலும் இத்தகைய பாதைகளை அமைத்துள்ளனர்.

இதனால் மாற்றுத் திறனாளிகளுக்கு என்ன பயன்? எந்தப் பக்கம் திரும்புவது என்ற கவலை இல்லாததால் பதற்றமுள்ள மனம் அமைதி கொள்ளும். வளைவுகளில் மெல்லத் திரும்புவது நடைக்கு நல்ல பயிற்சி. சக்கர நாற்காலியில் செல்வோருக்குப் பாதை அகலமாகவும் மேடு பள்ளமின்றியும் இருக்க வேண்டும். பார்வையற்றோரும் நடக்க இயலாதோரும் பலகையில் செதுக்கிய பாதையை விரலால் தடவிச் செல்லலாம். இத்தாலியின் லூக்கா பேராலய முகப்பில், விரலால் தொடரக்கூடிய பழைய சுற்றுப்பாதை ஒன்று கல்லில் செதுக்கப்பட்டுள்ளது.

இது நோய் தீர்க்கும் மருந்தன்று. சிகிச்சைக்குத் துணை மட்டுமே. சிலருக்குத் தலைசுற்றலாம். எவரையும் வற்புறுத்தலாகாது.

என் தம்பிக்கு ஆட்டிசம் உண்டு. போகும் வழி மாறினாலே அழுவான். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கோலமாவால் மூன்று சுற்றுப் பாதை ஒன்று வரைந்தேன். “அப்படியல்ல, இப்படி” என்று அன்று அவனிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடுவில் போய் அமர்ந்துகொண்டான். கோடுகள் அவன் காலில் அழிந்தன. மறுநாள் காலையில் கோலமாவு டப்பாவைத் தானே எடுத்து வந்து என் கையில் கொடுத்தான்!

ஓட்டப் பந்தயத்தில் முதல்வர் ஒருவரே. சுற்றுப்பாதையில் முதல்வரும் இல்லை, தோற்றவரும் இல்லை. தோழியரே, பாதை சரியாக அமைந்தால் எல்லாரும் நடப்பர். அதனை அமைத்துத் தருவது நம் கடமையன்றோ!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி